சீனக் கடையில் சீரகம் கேட்பது எப்படி: மசாலாப் பெயர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சிச்சுவான் மாகாணத்தின் செங்டு நகரில் வீடு எடுத்துச் சமைக்கத் தொடங்கிய முதல் வாரம், ரசத்துக்குச் சீரகம் வாங்கப் போனேன். போனில் இருந்த அகராதி 'ஷியாவ் ஹுய் ஷியாங்' என்று காட்டியது. அதை அப்படியே கடைக்கார அம்மாவிடம் நீட்டினேன். அவர் ஒரு பையில் அள்ளி நிறுத்துக் கொடுத்தார். கொஞ்சம் பச்சையாக, கொஞ்சம் பருமனாக இருந்ததைக் கவனிக்கவில்லை. மிளகோடு சேர்த்துத் தட்டி, ரசம் நுரை கட்டி வந்த பிறகுதான் மூக்குக்கு உறைத்தது. வாங்கி வந்தது சோம்பு.

அகராதியை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. தைவானில் அந்தப் பெயரைச் சீரகத்துக்கும் சொல்கிறார்கள். அதனால்தான் 'இதற்கு அது' என்று இரண்டு பத்தியில் போடும் பட்டியல்கள்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. சீன மசாலாப் பெயர்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று சின்னச் சொற்களை ஒட்டவைத்துச் செய்தவை. மிளகு மாதிரிக் காரமான காயை 'மிளகாய்' என்று நாம் ஒட்டினோமே, அதே வேலைதான். அந்தச் சின்னச் சொற்களில் ஒரு டஜன் கைவசம் இருந்தால், பார்த்தே இராத பொட்டலத்தின் பெயரையும் பிரித்துப் படித்துவிடலாம்.

இங்கே எழுதுவது சீனாவின் பொதுமொழியான மாண்டரினின் உச்சரிப்பு. ஹாங்காங்கிலும் குவாங்ஜோவிலும் பேசும் கான்டோனீஸில் ஒலி மாறும். ஆனால் எழுத்து பெரும்பாலும் அதேதான்.

படி 1: முதலில் காதும் நாக்கும்

மாண்டரினில் நான்கு தொனிகள். ஒன்று, உயரத்திலேயே நீட்டிச் சொல்வது. இரண்டு, 'என்ன?' என்று கேட்பதுபோல் மேலே ஏறுவது. மூன்று, அடிக்குரலில் தாழ்ந்து கிடப்பது. நான்கு, 'போ!' என்று வெட்டிப் போடுவது. அழுத்தமில்லாமல் உதிரும் அசைக்கு 0 என்று போட்டிருக்கிறேன். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் அடைப்பில் தொனி எண்கள் வரும்.

இதை அலட்சியம் செய்தால் என்ன ஆகும்? ட்ஸ ழான் (1-2) என்றால் சீரகம். ட்ஸ ழான் (4-2) என்றால் இயற்கை. 'அரை கிலோ இயற்கை கொடுங்கள்' என்று கேட்டிருக்கிறேன். கடையில் நிற்பதால் அவர்களே ஊகித்துக்கொள்வார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் ஜியாவ் (1) என்பது மிளகு இனம், ஜியாவ் (3) என்பது மூலை அல்லது கொம்பு. இந்த வேறுபாடு பின்னால் பலமுறை வரும்.

தமிழருக்கு இதில் இரண்டு சலுகை உண்டு. சீன 'ழ' கிட்டத்தட்ட நம் 'ழ'தான். மற்ற நாட்டுக்காரர்கள் திணறும் இடத்தில் நாம் நிம்மதியாகச் சொல்லலாம். இரண்டாவது, அவர்களின் காற்றில்லாத ப, த, க ஒலிகள் நம் சொல்முதல் 'பல்', 'தலை', 'கண்' போலவே இருக்கும். கஷ்டம் காற்றோடு வருபவற்றில்தான். 'ப்ஹ', 'க்ஹ' என்று எழுதியிருந்தால், உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு காற்று படும்படி சொல்லிப் பழகுங்கள். 'த்ஸ', 'ச்ச' இரண்டுக்கும் அப்படியே.

படி 2: ஒட்டுச் சொற்கள்

மிக முக்கியமானது ஷியாங் (1), மணம். எழுத்தின் மேல்பாதி தலைசாய்ந்த கதிர், கீழ்ப்பாதி குறுக்குக்கோடு போட்ட பெட்டி. அந்தப் பெட்டி 'சூரியன்' எழுத்தின் வடிவம். மசாலா அலமாரியில் நான்கில் ஒரு பொட்டலத்திலாவது இதைப் பார்ப்பீர்கள். அதோடு த்ஸாய் (4), கீரை, சேர்ந்தால் ஷியாங் த்ஸாய்: மணக்கீரை, அதாவது கொத்தமல்லி. யே (4), இலை, சேர்ந்தால் ஷியாங் யே: பிரியாணியில் போடும் இலை. ஆனால் இது மேல்நாட்டு லாரல் இலை. நடுவில் ஒரே நரம்பு ஓடும். நம் பிரிஞ்சி இலையில் நீளவாக்கில் மூன்று நரம்பு இருக்கும், வாசனையும் பட்டைப் பக்கம் சாயும். ஒன்றுக்கு ஒன்று மாற்றினால் பிரியாணி கெட்டுவிடாது, ஆனால் அதே வாசனை வராது.

யோ (2), எண்ணெய், சேர்ந்தால் ஷியாங் யோ: நல்லெண்ணெய். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அவர்களுடையது எள்ளை வறுத்துப் பிழிந்தது. கருஞ்சிவப்பாக இருக்கும், சில துளி போதும். இட்லிப் பொடியில் நம் எண்ணெய் மாதிரி ஊற்றினால் வறுத்த எள்ளின் வாடை மட்டும்தான் நிற்கும். எள்ளுக்குப் பெயர் ஜ்ழ மா (1-0).

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ப்ஹி (2) தோல், பட்டை. ட்ஸ (3) விதை. ஃபன் (3) தூள். த்ஸாவ் (3) புல், மூலிகை. குவோ (3) காய், பழம். ஹுவா (1) பூ. ஜியாங் (1) இஞ்சி. இந்த இஞ்சி எழுத்தை மறக்கவே முடியாது: மேலே 'ஆடு', கீழே 'பெண்'. கொத்தமல்லி விதை வேண்டுமா? ஷியாங் த்ஸாய் ட்ஸ (1-4-3). தனியாத்தூள்? கடைசியில் ஃபன் சேருங்கள்.

செங்டு பக்கம் தூளுக்கு மியன் (4) என்றும் சொல்வார்கள். நூடுல்ஸுக்கும் அதே சொல்தான். லா ஜியாவ் மியன் என்று பொட்டலத்தில் கண்டால் அது காரமான நூடுல்ஸ் அல்ல, மிளகாய்த்தூள்.

வெளியூர்ச் சரக்கு என்று காட்டும் மூன்று முன்னொட்டுகளும் உண்டு. ஹு (2) என்றால் வடக்கு, மேற்கு எல்லைக்கு அப்பாலிருந்த மக்கள். ஃபான் (1) என்றாலும் அயலார்தான்: தக்காளி ஃபான் ச்சியே, 'அயல் கத்தரி'. யாங் (2) என்றால் கடல்: வெங்காயம் யாங் த்ஸொங், 'கடல்கடந்த வெங்காயத்தாள்'. நாம் 'சீமை' என்று ஒட்டுவோமே, அந்த வேலையை அங்கே மூன்று சொற்கள் காலத்துக்கு ஏற்பப் பங்குபோட்டுக்கொண்டன.

படி 3: ஜியாவ் குடும்பம்

இதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சீன மசாலாப் பெயர்களின் கதையே இங்கேதான் இருக்கிறது.

ஜியாவ் (1) என்ற சொல் முதலில் மண்ணின் சரக்கு ஒன்றுக்கே உரியது. இன்று அதை ஹுவா ஜியாவ் (1-1), 'பூ மிளகு' என்கிறார்கள். சிச்சுவான் சமையலில் நாக்கை மரத்துப்போக வைப்பது இதுதான். ஒரு தோலை எடுத்து நாக்கு நுனியில் வையுங்கள். முதலில் எலுமிச்சைத் தோல் வாசனை, பத்து நொடியில் உதடு ஓரம் துடிக்க ஆரம்பிக்கும், பிறகு எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். அந்த உணர்வுக்கு மா (2) என்று பெயர், காரத்துக்கு லா (4). மாலா என்பது இந்த இரண்டும் சேர்ந்தது. கொங்கண் கரையில் மீன் குழம்புக்குப் போடும் திர்பல் இதற்கு உறவு. பழைய ஹான் அரசமரபின் அரண்மனையில் பேரரசியின் அறைச் சுவரில் இதைக் குழைத்துப் பூசினார்கள் என்பதால், அந்த அறைக்கே 'ஜியாவ் அறை' என்று பெயர் வந்தது. வாங்கும்போது வாய் பிளந்த தோல்களாகப் பாருங்கள். உள்ளே கறுப்பு விதை நிறைய இருந்தால் பல்லில் மணல் மாதிரி கடிபடும்.

பிறகு நம் பக்கத்துச் சரக்கு வந்தது. மிளகுக்கு ஹு ஜியாவ் (2-1), அயல் ஜியாவ், என்று பெயர் வைத்தார்கள். அது எவ்வளவு விலையுயர்ந்தது என்பதற்கு ஒரு கதை. டாங் ஆட்சியில் யுவான் ஜாய் என்ற அமைச்சர் 777-இல் மரண தண்டனை பெற்றார். அவர் சொத்தைப் பறிமுதல் செய்தபோது 800 ஷி (பழைய சீன அளவு) மிளகு கிடைத்ததாக வரலாற்று நூலில் எழுதிவைத்திருக்கிறார்கள். சிவன் கோயிலுக்கான 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த ச்சுவான்ஜோ துறைமுகத்தில், 1974-இல் தோண்டி எடுத்த சொங் காலக் கப்பலிலும் மிளகு இருந்தது. இன்று கடையில் கறுப்புக்கு ஹேய் (1), வெள்ளைக்கு பாய் (2) என்று முன்னால் சேர்த்துக் கேளுங்கள். சும்மா ஹு ஜியாவ் ஃபன் என்றால் பெரும்பாலும் வெள்ளை மிளகுத்தூள்தான் கைக்கு வரும். பொங்கலுக்கு அது ஆகாது.

கடைசியாக மிளகாய். அமெரிக்காவிலிருந்து கடல்வழியே வந்ததால் ஃபான் ஜியாவ் என்றார்கள். 1591-ஆம் ஆண்டு நூல் ஒன்றில் அந்தப் பெயர் வருகிறது. இன்றைய பொதுப்பெயர் லா ஜியாவ் (4-1), 'கார ஜியாவ்'. சிச்சுவான் கிழவிகள் இன்னும் ஹாய் ஜியாவ் (3-1), 'கடல் ஜியாவ்' என்பார்கள். கடலே இல்லாத மாகாணத்தில் அந்தப் பெயர் எனக்கு எப்போதும் பிடிக்கும். காய்ந்த மிளகாய் கான் லா ஜியாவ் (1-4-1). செடியில் மேல்நோக்கி நிற்கும் சின்ன ரகம் ச்சாவ் த்ஹியன் ஜியாவ் (2-1-1), 'வானம் பார்த்த ஜியாவ்'. குடைமிளகாய் ச்சிங் ஜியாவ் (1-1), 'பச்சை ஜியாவ்'. பச்சை மிளகாய் என்று நினைத்து இதைக் கேட்டு ஏமாந்தவர்கள் ஏராளம்.

படி 4: ஹுய் ஷியாங் குழப்பம்

என் ரசத்தைக் கெடுத்த பெயர் இதுதான். ஹுய் ஷியாங் (2-1) என்பது சோம்பு இனம். எழுத்தில் மேலே புல் அடையாளம், கீழே பெட்டிக்குள் பெட்டி. பெய்ஜிங் பக்கம் அதன் தழையைக்கூட இறைச்சியோடு கொத்தி, மாவுக்குள் பூரணமாக வைத்து அவிப்பார்கள். விதை ஷியாவ் ஹுய் ஷியாங் (3-2-1), 'சின்ன ஹுய் ஷியாங்'. பெரிய ஹுய் ஷியாங் என்றால் அன்னாசிப்பூ. நாம் சோம்பைப் பெருஞ்சீரகம் என்போம், அவர்கள் அதையே 'சின்ன' என்பார்கள். நாம் சீரகத்தோடு ஒப்பிடுகிறோம், அவர்கள் அன்னாசிப்பூவோடு ஒப்பிடுகிறார்கள். இது பிடிபட்டால் குழப்பம் பாதி தீரும்.

சீனப் பெருநிலத்தில் சீரகத்துக்கு ட்ஸ ழான் மட்டும்தான். ஷின்ஜியாங்கின் உய்குர் மக்களிடமிருந்து வந்த சொல் அது. பாரசீகத்தில் ஸீரா, இந்தியில் ஜீரா, நமக்குச் சீரகம்: எல்லாம் ஒரே வம்சம். ஆட்டிறைச்சியைக் கம்பியில் கோத்துச் சுடும் தள்ளுவண்டிப் பக்கம் போனால் மூக்கே பெயரைச் சொல்லிவிடும். தைவான் பொட்டலம் என்றால் பெயரை நம்பாமல், விதையைப் பாருங்கள்.

அன்னாசிப்பூவின் நடைமுறைப் பெயர் பா ஜியாவ் (1-3), 'எட்டு மூலை'. மூன்றாம் தொனி, அதனால் மிளகு இல்லை. எட்டு என்ற எழுத்து, சாய்ந்து பிரிந்த இரண்டு கோடு மட்டும். வாங்கும்போது இதழ்களை எண்ணுங்கள். பெரும்பாலும் எட்டு, முனை மழுங்கி இருக்கும். பத்துக்கு மேல் மெல்லிய இதழ்கள், முனை கொக்கிபோல் வளைந்திருந்தால் தொடாதீர்கள். அது அதே இனத்து நச்சுக்காயாக இருக்கலாம்.

படி 5: பட்டை, கிராம்பு, ஏலம்

பட்டை குய் ப்ஹி (4-2) அல்லது ழோ குய் (4-4). தடித்த, சொரசொரப்பான, காரமான ரகம். குவாங்ஷி பகுதியில் நிறைய விளைகிறது. அந்தப் பகுதியின் வண்டி எண்பலகைகள் தொடங்குவதே இந்தக் 'குய்' எழுத்தில்தான். சுருள்சுருளாக, விரலால் நொறுக்க வரும் இலங்கைக் கறுவா வேண்டுமென்றால் ஷி லான் ழோ குய் (1-2-4-4) என்று கேட்க வேண்டும். ஷி லான் இலங்கையின் பழைய பெயர். விலை கூட, பெரிய கடைகளிலோ இணையத்திலோதான் கிடைக்கும். தினமும் பட்டைத்தூள் சாப்பிடுகிறவர்கள் அந்த விலையைக் கொடுக்கலாம். கூமரின் என்ற, ஈரலுக்கு ஆகாத பொருள் தடித்த பட்டையில் அதிகம், கறுவாவில் மிகக் குறைவு.

கிராம்பு திங் ஷியாங் (1-1), 'ஆணி மணம்'. முதல் எழுத்தே ஆணி மாதிரிதான் இருக்கும். பழைய பெயர் 'கோழிநாக்கு மணம்'. ஹான் ஆட்சியில் பேரரசர் முன்னால் பேசப் போகும் அதிகாரிகள் வாய் நாறாமல் இருக்க இதை வாயில் அடக்கிக்கொண்டார்கள்.

ஏலத்தில் கவனம் வேண்டும். தோ க்ஹோ (4-4) என்பது குடும்பப் பெயர் மட்டுமே. சும்மா தோ க்ஹோ என்று கேட்டால் எது வேண்டுமானாலும் வரும். பாயசத்துக்குப் போடும் ஏலக்காய் ஷியாவ் தோ க்ஹோ (3-4-4), சில கடைகளில் 'பச்சை' என்ற சொல்லைச் சேர்த்திருப்பார்கள். பாய் க்ஹோ (2-4) வெள்ளையாக, உருண்டையாக, கற்பூர நெடியோடு இருக்கும். பாயசத்தில் போட்டால் மருந்து குடிப்பது போலிருக்கும். த்ஸாவ் குவோ (3-3) பெரிய பழுப்புக்காய், யுனான் மாகாணத்தில் விளைவது, புகை வாசனை. மாட்டிறைச்சிக் குழம்புக்கு அருமை. மூன்றாம் தொனி இரண்டு அடுத்தடுத்து வந்தால் முதலாவதை இரண்டாம் தொனியாகச் சொல்ல வேண்டும் என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். ழோ தோ க்ஹோ (4-4-4) ஏலமே இல்லை, சாதிக்காய். ஜாதிபத்திரிக்குக் கடைசியில் யி (1), 'உடை', சேர்ப்பார்கள்: சாதிக்காயின் சட்டை. பதின்மூன்று வயதுப் பெண்ணை 'தோ க்ஹோ பருவம்' என்பது அவர்கள் வழக்கு. டாங் காலக் கவிஞர் தூ மூ தொடங்கிவைத்தது.

எதையும் தனித்தனியாக வாங்க நேரமில்லையென்றால் வு ஷியாங் ஃபன் (3-1-3), ஐந்து மணத்தூள். அன்னாசிப்பூ, பட்டை, சோம்பு, கிராம்பு, ஹுவா ஜியாவ் என்பது வழக்கமான கூட்டு.

படி 6: பச்சைச் சரக்கும் வேர்களும்

இஞ்சி ஜியாங், சுக்கு கான் ஜியாங் (1-1), மஞ்சள் ஜியாங் ஹுவாங் (1-2), அதாவது 'இஞ்சி மஞ்சள்'. ஹான் இனச் சீனரின் சமையலறையில் மஞ்சளுக்கு வேலை குறைவு. அதனால் மளிகைக் கடையைவிட நாட்டு மருந்துக் கடையில் சீக்கிரம் கிடைக்கும். அதே கடையில் அதிமதுரம் கேளுங்கள்: கான் த்ஸாவ் (1-3), 'இனிப்புப் புல்'. இரு மொழியும் நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கின்றன. குவாங்டொங் பக்கம் ஷா ஜியாங் (1-1), 'மணல் இஞ்சி', என்று விற்பது நம் கச்சோலம். உப்பில் புதைத்துச் சுடும் கோழிக்கு அதைத் தடவுவார்கள்.

பூண்டு தா சுவான் (4-4), வெங்காயத்தாள் த்ஸொங் (1), புதினா போ ஹ (4-0). துளசி இனத்துக்கு லுவோ ல (2-4) என்பது புத்தகப் பெயர். தைவானில் ஜியு த்ஸெங் த்ஹா (3-2-3), 'ஒன்பது நிலைக் கோபுரம்'. பூங்கதிர் அடுக்கடுக்காக நிற்பதைப் பார்த்தால் ஏன் என்று கேட்க மாட்டீர்கள்.

படி 7: நம் அஞ்சறைப் பெட்டிக்குள் இருப்பவை

கறிவேப்பிலை கா லி யே (1-2-4). கா லி என்பது நம் 'கறி'தான், ஆங்கிலம் வழியாகச் சுற்றி வந்தது. காய்ந்த இலையைப் பொட்டலத்தில் விற்பார்கள், காசு தண்டம். ஜியு லி ஷியாங் என்று செடி விற்றால் அவசரப்படாதீர்கள். அது வெள்ளைப்பூ பூக்கும் உறவுக்காரச் செடி, தாளிக்க ஆகாது.

கடுகில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். ஜியே மோ (4-0) என்று கேட்டால் மூக்கில் ஏறும் பச்சை வசாபிப் பசையோ மஞ்சள் பசையோ வரும். விதைக்கு ஜியே த்ஸாய் ட்ஸ (4-4-3). யோ த்ஸாய் ட்ஸ (2-4-3) என்றால் அது எண்ணெய் ஆட்டும் விதை, பார்க்கக் கடுகு மாதிரியே இருக்கும்.

வெந்தயம் ஹு லு பா (2-2-1), அரபு மொழியின் ஹுல்பா. புளி சுவான் ஜியாவ் (1-3), 'புளிப்புக் கொம்பு'. மறுபடியும் மூன்றாம் தொனி. யுனானில் இனிப்பு ரகத்தைத் தின்பண்டமாகவே விற்பார்கள், குழம்புக்குப் போதாது. மலேசிய, சிங்கப்பூர்ச் சீனர்கள் மலாய் 'அசாம்' என்பதை யா ஷென் என்று எழுதுவார்கள்.

பெருங்காயம் ஆ வெய் (1-4), மருந்துச் சரக்கு. சமையலுக்கு ஊரிலிருந்து கொண்டுபோவதே மேல். பௌத்தரின் சைவ உணவு மரபு விலக்கும் ஐந்து நெடிகளில் பூண்டு, வெங்காய இனத்தோடு பெருங்காயமும் உண்டு. அங்கே அதன் பெயர் சமஸ்கிருத 'ஹிங்கு'விலிருந்து வந்த ஷிங் ச்சு. வெங்காயம் பூண்டு சேர்க்காதவர்கள் தைவான் பொட்டலங்களில் வு ஷின் சு (3-1-4), 'ஐந்து நெடிச் சைவம்', என்று இருந்தால் தவிர்த்துவிடுங்கள். அதில் அவை இருக்கலாம்.

கசகசாவைக் கேட்கவும் வேண்டாம், பெட்டியில் கொண்டுபோகவும் வேண்டாம். அபினிச் செடியின் விதையைச் சீனாவில் மசாலாவாக விற்பதற்குத் தடை உண்டு. குருமாவுக்கு முந்திரி போதும்.

படி 8: கடையில்

மசாலா மொத்தத்துக்கும் ஷியாங் லியாவ் (1-4). காய்கறிச் சந்தையில் கான் ஹுவோ (1-4), உலர்சரக்கு, என்ற பலகையைத் தேடுங்கள். கடைக்காரரை லாவ் பான் (3-3), 'முதலாளி' என்று கூப்பிடலாம். வயதான பெண் என்றால் ஆ யி (1-2), நம் 'சித்தி' மாதிரி. 'யோ மேய் யோ ட்ஸ ழான்?' என்றால் 'சீரகம் இருக்கா?' பெயருக்கு முன்னால் 'யோ மேய் யோ' (3-2-3) போட்டால் எதையும் கேட்டுவிடலாம்.

நிறுவை முக்கியம். சீனாவில் ஒரு ஜின் (1) என்றால் 500 கிராம், ஒரு லியாங் (3) 50 கிராம். தைவானில் ஜின் 600 கிராம், ஹாங்காங்கிலும் ஏறக்குறைய அதேதான். பலகையில் எழுதிய விலை பெரும்பாலும் ஜின்னுக்குத்தான், கிலோவுக்கு அல்ல. கிராம்பு மாதிரியானவற்றுக்கு யி லியாங் (4-3), அதாவது ஒரு லியாங், போதும். அதுவே ஒரு வருஷம் வரும்.

உணவகத்தில் கொத்தமல்லி வேண்டாமென்றால் 'பு யாவ் ஷியாங் த்ஸாய்' (2-4-1-4). காரம் வேண்டாமென்றால் 'பு லா' (2-4). செங்டுவில் அப்படிச் சொன்னாலும் கொஞ்சம் காரமாகத்தான் வரும்.

பொட்டலத்தைப் பிரிக்கும் முன், எடை போடும் முன், ஒரு கேள்வி: 'க்ஹ யி வன் யி ஷியா மா?' (3-3-2-2-4-0). 'மோந்து பார்க்கலாமா?' என்று அர்த்தம். எந்தக் கடையிலும் எனக்கு இல்லை என்று சொன்னதில்லை. ஒருமுறை ஒரு ஆ யி, இரண்டு டப்பாவையும் அருகருகே திறந்துவைத்து, இடது பக்கத்தைக் காட்டி ட்ஸ ழான், வலது பக்கத்தைக் காட்டி ஷியாவ் ஹுய் ஷியாங் என்று மூன்று தடவை சொல்ல வைத்தார். பிறகுதான் தராசைத் தொட்டார்.